நாலு மில்லி பித்தளைக் குழாயும் எங்கள் குளியலறையும்

காலை ஏழேகாலுக்குக் கீழ் வீட்டு டீச்சர் கையில் குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். மழை இல்லை. வெயிலும் இன்னும் ஏறவில்லை.

"எங்க டீச்சர், வெளிய கிளம்பிட்டீங்களா?" என்றேன்.

"எங்கயும் இல்ல சார். இப்பதான் குளிச்சிட்டு வரேன். உங்க தயவுல தினமும் குடை பிடிச்சுக்கிட்டுத்தான் குளிக்கிறேன்."

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தனியாக இருக்கிறார். அவருடைய குளியலறைக் கூரையில் ஈரம் ஊறிச் சொட்டுகிறது. அந்தக் கூரைக்கு மேலே இருப்பது எங்கள் குளியலறை. ஆகவே ஒழுக விடுவது நாங்கள்தான். அவருடைய வழக்கு இந்த மூன்று வரியோடு முடிந்துவிடும்.

நான் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். அவருடைய குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். முதல் நிமிடத்தில் பதினாலு சொட்டு. இரண்டாவது நிமிடத்தில் பதின்மூன்று. மூன்றாவதில் மறுபடியும் பதினாலு. நாலாவது நிமிடத்துக்குள் டீச்சர் கதவைத் தட்டினார்.

"எண்ணினது போதும் சார். அடைக்கிறதுக்கு வழி பாருங்க."

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆறே வீடுகள் உள்ள கட்டடம் எங்களுடையது. கட்டி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. டீச்சர் முதல் மாடி. நானும் என் மனைவியும் இரண்டாவது மாடி. எங்கள் தலைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு தம்பதி. கணவன் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். என்னை அங்கிள் என்பார். எனக்கு எழுபத்து மூன்று வயது என்பதால் ஆட்சேபிக்க முடியவில்லை.

கட்டடச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. கூரை ஒழுகினால் மேல் வீட்டுக்காரர் தன் குளியலறைத் தரையை உடைத்துக் குழாயைப் பார்க்க வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். அப்போது எனக்கு மேலே இருப்பவர்களை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

சங்கத்தார் பிளம்பரைக் கூட்டி வந்தார்கள். அவர் எங்கள் குளியலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"மொத்தமா ஒடச்சாத்தான் சார் தெரியும். தரைக்கு உள்ள பைப்பு எங்க கீது, எப்படிப் போவுதுன்னு நமக்கு இன்னா தெரியும்?"

"எத்தனை நாள்?"

"பத்து நாள் வையுங்க. பதினஞ்சும் ஆவும்."

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே குளியலறை, ஒரே கழிப்பறை, இரண்டும் ஒன்றுதான். என் மனைவிக்கு மூட்டு வலி. நான் ஒரு நாளைக்கு ஒன்பது முறை போக வேண்டியவன். பத்து நாள் என்றால் தொண்ணூறு முறை; பதினைந்து என்றால் நூற்று முப்பத்தைந்து. யார் வீட்டுக் கதவை அத்தனை முறை தட்டுவது?

அதைவிடப் பெரிய கவலை அந்தத் தரை. வான நீலத்தில் நாலங்குல டைல்ஸ், மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று. நாற்பது மாதிரிகள் பார்த்து நானே தேர்ந்தெடுத்தது. அந்த நீலம் இப்போது எங்கும் வருவதில்லை. உடைத்தால் உடைத்ததுதான்.

ஆனால் ஒழுகுவது எங்கள் குழாய் இல்லை என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் முப்பத்தொரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்த்திருக்கிறேன். டேப்பும் நோட்டும் கொண்டு வருவேன். கொத்தனார்கள் என்னை ஆடிட்டர் என்று கூப்பிட்டார்கள். நான் அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தவன் என்று சொல்லியும் கேட்கவில்லை. செங்கல் ஜல்லி கொட்டி மூடுவதற்கு முன் எந்தக் குழாய் எங்கே போகிறது, எத்தனை அங்குலம், எந்தப் பக்கம் திரும்புகிறது எல்லாம் எழுதி வைத்திருந்தேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் எங்கள் குளியலறை: "தூணைச் சுற்றி இரண்டு திருப்பம், பதினாலு அங்குலத்துக்குள். மூட்டு ஒன்றும் இல்லை. மிகவும் திருப்தி." அறுபத்தொன்றாம் பக்கத்தில் மூன்றாவது மாடி: "மூட்டு மூன்று."

குழாய் ஒழுகுவது மூட்டில். எங்களுக்கு மூட்டே கிடையாது. மேலே மூன்று இருக்கிறது. அங்கே ஒழுகும் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, எங்களைத் தாண்டி, டீச்சர் தலையில் சொட்டுகிறது. இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது என்று நினைத்தேன்.

"அந்த நோட்டை டீச்சர் தலைக்கு மேல பிடிச்சா சொட்டாம இருக்குமா?" என்றாள் என் மனைவி.

சங்கக் கூட்டத்தில் இரண்டு பக்கங்களையும் வாசித்துக் காட்டினேன். ஒருவருக்கும் புரியவில்லை. மூன்றாவது மாடிக்காரர் நோட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"அங்கிள், சாரி, எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு மாடல் மாதிரி கண்ணால பாத்தா ஒத்துக்கறேன். எங்க பைப்னு தெரிஞ்சா எங்க பாத்ரூமை உடைங்க. நான் தடுக்க மாட்டேன்."

"மூணு வாரம் கொடுங்க" என்றேன்.

"மூணு வாரம் நான் குடை பிடிக்கணுமா?" என்றார் டீச்சர். ஆனால் கொடுத்தார்.

மாதிரிகள் செய்வது எனக்குப் புதிதில்லை. ஓய்வு பெற்ற பிறகு நாலு செய்திருக்கிறேன்: ஒரு ரயில் நிலையம், ஒரு கலங்கரை விளக்கம், ஒரு பாலம், நான் வேலை பார்த்த அலுவலகம். எல்லாம் அட்டையும் தீக்குச்சியும். குழாயைத் தீக்குச்சியில் செய்ய முடியாது. உண்மையான குழாய்தான் வேண்டும், தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டுமே.

பாரிமுனைச் சந்துகளில் உலோகக் கடைகள் உண்டு. தாம்பரத்தில் ரயில் ஏறிக் கடற்கரை வரை, இரண்டு முனையையும் சேர்த்துப் பதினெட்டு நிலையம். ஒரு கடையில் நாலு மில்லி விட்டத்தில் பித்தளைக் குழாய் கிடைத்தது. குழாயின் தகடு அரை மில்லி கனம். குளியலறைத் தண்ணீர் போகும் நிஜக் குழாய் எழுபத்தைந்து மில்லி. எழுபத்தைந்தை நாலால் வகுத்தால் பதினெட்டே முக்கால். ஆகவே மாதிரியின் அளவு பதினெட்டே முக்காலுக்கு ஒன்று என்று அந்தக் கடை வாசலிலேயே முடிவாயிற்று. இருபதுக்கு ஒன்று என்றால் கணக்குச் சுலபம். ஆனால் கடையில் இருக்கிற குழாயைத்தானே வாங்க முடியும்?

"இத வச்சு இன்னா சார் பண்ணப் போற? ஊதுபத்தி ஸ்டேண்டா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பாத்ரூம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்து எண்ணினேன். மேல் மாடிக்குப் பத்து வளைவு, எங்களுக்கு ஒன்பது, மொத்தம் பத்தொன்பது. ஒரு நாளைக்கு ஒன்று என்றால் இரண்டு நாள் மிச்சம். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, முதல் குழாயை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தேன். அது வளையவில்லை, மடிந்தது. சப்பையாக, ஸ்ட்ராவை மடக்கினால் ஆகுமே, அப்படி. இரண்டாவதும் மடிந்தது. ஏழு துண்டு மடிந்த பிறகு இது கையால் ஆகிற காரியம் இல்லை என்று புரிந்தது.

குரோம்பேட்டையில் எங்கள் ஃபிரிட்ஜை ரிப்பேர் செய்கிற மெக்கானிக்கிடம் போனேன். நாள் முழுக்கச் செம்புக் குழாயை வளைக்கிறவர் அவர். நீளமான ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினார். குழாயை அதற்குள் நுழைத்து வளைத்தால் மடியாதாம். என் குழாயை நுழைத்தார். அது பெரியவன் சட்டையில் சின்னக் குழந்தையைப் போலத் தொளதொளவென்று நின்றது.

"இது ரொம்பப் பொடிசு சார். நீங்க ஒண்ணு பண்ணுங்க. உள்ள நைசா மண்ணு ரொப்புங்க. ரெண்டு பக்கமும் அடைச்சிடுங்க. குழாயை நெருப்புல காட்டுங்க, இளகிக்கும். அப்புறம் வளைச்சா மடியாது."

நைசான மண்ணுக்கு நான் எங்கே போவேன்? வீட்டிலேயே இருந்தது. சமையலறை அலமாரியில் கோலப்பொடி டப்பா. அதைவிட நைசான மண் எந்த ஆற்றிலும் கிடைக்காது. ஒரு துண்டுக் குழாயில் ஒரு பக்கம் தீக்குச்சியால் அடைத்து, பொடியைக் கொட்டி, மேசையில் தட்டித் தட்டி இறக்கி, மறுபக்கமும் தீக்குச்சியை அடித்து இறுக்கினேன். இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன்.

ஒன்றரை நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு டப்பென்று வெடித்தது. தீக்குச்சி என் காதோரம் பறந்து போய் டம்ளர் அடுக்கில் மோதி, மூன்று டம்ளர் கீழே விழுந்தன. குழாயிலிருந்து கருகிய அடை வாசனையோடு புகை வந்தது.

என் மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, யாரு வெடி போட்டது?"

"கோலப்பொடி வெடிச்சிடுச்சு."

அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இது அரிசி மாவுங்க. கோலப்பொடி பக்கத்து டப்பா. மூடியில குங்குமம் வச்சிருக்கேன்ல?"

இரண்டும் ஒரே அளவு எவர்சில்வர் டப்பாக்கள். ஒன்றில் மட்டும் மூடியில் ஒரு பொட்டு. இருபத்திரண்டு வருடமாக அந்த அலமாரியைத் திறந்து மூடுகிறேன், பொட்டைக் கவனித்ததில்லை. அலமாரியில் மொத்தம் எத்தனை டப்பா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் குங்குமப் பொட்டு டப்பாவில் தொடங்கினேன். வரிசையையும் மாற்றினேன்: முதலில் வெறும் குழாயை அடுப்பில் மங்கலாகச் சிவக்கும் வரை காட்டி, ஆற விட வேண்டும், அதற்குப் பிறகுதான் பொடி. ஆறிய குழாய் முன்பு போல முறைக்காமல் சொன்னபடி கேட்டது. இனி எதன் மேல் சுற்றி வளைப்பது என்பதுதான் பாக்கி. வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று மடிந்த துண்டுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். அப்படியானால் இருபத்து நாலு மில்லி விட்டத்தில் உருண்டையான ஒரு பொருள் வேண்டும். வெர்னியரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்தேன். மருந்துப் புட்டி இருபத்தொன்பது. டார்ச் முப்பத்தாறு. துடைப்பக் கட்டை இருபத்திரண்டு, ஆனால் கோணல். கடைசியில் பூரிக்கட்டை: நடுப்பகுதி தடிமன், ஆனால் கைப்பிடி இருபத்து மூன்றரை. அரை மில்லியை விட்டுக்கொடுத்தேன்.

"ராத்திரிக்குச் சப்பாத்தி. ஆறு மணிக்குள்ள திரும்பி வரணும்" என்றாள் மனைவி.

ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். ஆனாலும் சப்பாத்தியில் பித்தளை வாசனை வருகிறது என்று மூன்று நாள் சொன்னாள். நாலாவது நாளிலிருந்து தோசை.

குழாயைத் தொண்ணூறு பாகைக்கு வளைத்து விட்டால் அது கொஞ்சம் நிமிர்ந்து எண்பத்து நாலில் நிற்கும். ஆகவே தொண்ணூற்றாறு வரை வளைக்க வேண்டும். நாற்பத்தைந்து வேண்டுமானால் நாற்பத்தெட்டரை. இதற்கு ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவசரப்பட்டால் மடியும், ரொம்ப நிதானித்து நடுவில் நிறுத்தினாலும் மடியும். ஒரே மூச்சில், மெதுவாக, மனதுக்குள் இருபது எண்ணி முடிக்கும்போது வளைந்து முடிந்திருக்க வேண்டும். பதினான்காம் நாள் மாலைக்குள் பதினேழு வளைவு சரியாக வந்துவிட்டது. மேல் மாடி முழுவதும் முடிந்தது. எங்கள் மாடியில் பாக்கி இருந்தவை இரண்டே இரண்டு: தூணைச் சுற்றிப் போகும் அந்த ஜோடி.

குளியலறை மூலையில் ஒரு தூண் துருத்திக்கொண்டிருக்கிறது. குழாய் அதன் பக்கத்தில் வந்து இடது பக்கம் ஒதுங்கி, உடனே வலது பக்கம் திரும்பிப் பழைய பாதைக்கு வர வேண்டும். நிஜத்தில் பதினாலு அங்குல இடம். மாதிரியில் பத்தொன்பது மில்லி. பூரிக்கட்டைக் கைப்பிடியின் அகலமே அதற்குள் அடங்காது. பென்சிலை வைத்து முயன்றேன், மடிந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடி, மடிந்தது. முதல் வளைவு நன்றாக வந்தால் இரண்டாவதை வளைக்கும்போது முதலாவது சப்பையாகும். பொடியை இன்னும் இறுக்கித் திணித்தேன். மூன்று முறை சூடாக்கினேன். ஐந்து துண்டு வீணாயிற்று.

என் மனைவி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மேசையில உக்காந்து, பொடி போட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு பண்றீங்க. உங்களுக்கே வரல. அன்னிக்கு அந்த ஆளு எப்படிங்க வளைச்சான்?"

"அவன் தொழில் தெரிஞ்சவன்" என்றேன்.

அங்கேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு இருந்த கவலையெல்லாம் குழாய் மீதம் எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான்.

ஆறாவது துண்டு ஒருவழியாக வந்தது. கொஞ்சம் சப்பைதான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வளைவின் வெளிப்பக்கம் முடி கனத்தில் ஒரு கீறல் தெரிந்தது. பித்தளையைப் பல முறை வளைத்தால் அப்படி வெடிக்குமாம். அதன் மேல் சாம்பல் நிற எனாமல் பெயின்ட் இரண்டு கோட்டிங் கொடுத்தேன். மற்ற குழாய்களுக்கும் கொடுத்தேன், ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. சப்பையான பக்கத்தைத் தூணைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். இது ஏமாற்று வேலை இல்லை என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். எண்ணிக்கையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லையே.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டடத்தின் கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மாதிரியை முக்காலி மேல் வைத்தேன். மூன்று மாடிக்கு மூன்று தெர்மாகோல் தளம், நடுவில் பிளைவுட் சுவர், அதில் பத்தொன்பது வளைவு. எல்லாரும் சுற்றி வந்து பார்த்தார்கள். மூன்றாவது மாடிக்காரர் செல்போனில் படம் எடுத்தார். "சூப்பர் அங்கிள்" என்றார். டீச்சர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எப்போது உடைக்கலாம் என்று சொல்வதற்காகப் பிளம்பரும் வந்து தூணில் சாய்ந்து நின்றார்.

நான் இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்திருந்தேன். ஒன்றில் குங்குமம் கரைத்தது. அது மூன்றாவது மாடித் தண்ணீர். இன்னொன்றில் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம், அது எங்களுடையது. மூன்றாவது மாடியின் மூன்று மூட்டிலும் வேண்டுமென்றே ஊசி முனை அளவு துளை விட்டிருந்தேன்.

முதலில் சிவப்பு. மருந்து ஊட்டும் சிறு குப்பியால் மேலே ஊற்றினேன். குழாயில் இறங்கியது, மூட்டில் கசிந்தது, சுவர் வழியாக வழிந்தது. எங்கள் தளத்தைத் தொட்டும் தொடாமலும் கீழே இறங்கி, டீச்சர் வீட்டுச் சுவரோரம் ஒரு சிவப்புக் கோடாக நின்றது.

"பாருங்க. இப்படித்தான் வருது" என்றேன்.

"எங்க வீட்டுல சுவர் நனையல சார்" என்றார் டீச்சர். "கூரையில நடு இடத்துல சொட்டுது."

"அது போகப் போக நடுவுக்கு வந்திருக்கும் டீச்சர். இப்ப எங்க தண்ணியைப் பாருங்க. எங்களுக்கு மூட்டே கிடையாது. ஒரு சொட்டு வெளிய வராது."

நீலத்தை ஊற்றினேன். முதல் குப்பி இறங்கியது. இரண்டாவது குப்பி மெதுவாக இறங்கியது. மூன்றாவது குப்பி இறங்காமல் மேலேயே நின்றது. நான் குனிந்து ஊதினேன். ஊதியிருக்கக் கூடாது. தூணுக்குப் பக்கத்தில் எனாமல் பெயின்ட் ஒரு சின்னக் கொப்புளமாக எழும்பியது. பிறகு உடைந்தது. நீலத் தண்ணீர் எங்கள் தெர்மாகோல் தளத்தில் பரவி, அதன் அடியில் தேங்கி, டீச்சர் வீட்டுக் கூரையின் சரியாக நடுவில் ஒரு சொட்டாகத் தொங்கி, விழுந்தது.

இன்னொரு சொட்டு விழுந்தது.

"சார், என் வீடு நனையுது" என்றார் டீச்சர்.

முதலில் சிரித்தது என் மனைவிதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. பிறகு ஒன்பது நாற்காலியும் சிரித்தன. நான் குப்பியைப் பிடித்தபடி, இது மாதிரியில் உள்ள குறை, நிஜத்தில் அப்படி இல்லை என்று மூன்று முறை சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

பிளம்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வந்து முக்காலி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூணுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"சார், இந்த எடத்துல இன்னாத்துக்கு நசுங்கிக் கீது?"

"இடம் பத்தல. ரெண்டு வளைவு, பத்தொன்பது மில்லிக்குள்ள. அடுப்புல காட்டி, பொடி ரொப்பி, மேசையில வச்சு ஆறு தடவை பண்ணினேன்."

"நெஜத்துல எவ்ளோ?"

"பதினாலு அங்குலம். மூட்டு இல்ல. நோட்டுல எழுதியிருக்கேன்."

"மூட்டு இல்லன்னா எப்படி சார் திரும்பும்? பிளாஸ்டிக் பைப்பு தானா திரும்புமா?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எல்போன்னு திருப்பற மூட்டு போட்டாத்தான் திரும்பும். எல்போ இல்லன்னா அந்த ஆளு சிமென்ட் பேப்பரைக் கொளுத்தி, பைப்பைக் காட்டி, கையால வளைச்சிருக்கான். எங்காளுங்க பண்றதுதான். எடம் தாராளமா இருந்தா நசுங்காது, இங்க எடமில்ல. நீ அடுப்பு வச்சு, பொடி போட்டு, மேசையில வச்சு ஆறு தபா வளைச்சும் நசுங்கிச்சு. அவன் ஒரே தபா, குனிஞ்சுகினு, பேப்பர் நெருப்புல. அவனுது மட்டும் நசுங்காம இருக்குமா?"

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. மாடிப்படியில் காகிதம் எரிந்த வாசனை வந்தது. சாம்பல் பறந்து என் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. யாரோ குளிருக்குக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சென்னையில், மே மாதம். அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் நோட்டில் "மிகவும் திருப்தி" என்று எழுதினேன்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் பெருமைப்பட்ட ஒரே குழாய் அது. மேல் மாடிக்காரரின் மூன்று மூட்டும் ஒழுங்காக இருக்கின்றன. என் ஒரு வளைவு ஒழுகுகிறது.

"எங்க பாத்ரூமை உடையுங்க" என்றேன். பின் வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"மொத்தமும் எதுக்கு சார்?" என்றார் பிளம்பர். "எடம் தெரியாதப்பதான் மொத்தமும் ஒடைக்கணும். இப்பதான் எடம் தெரிஞ்சுபோச்சே. இந்தத் தூண்ட்ட ரெண்டடிக்கு ரெண்டடி ஒடச்சாப் போதும். ரெண்டு நாள் வேலை."

அதுவரை அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை அவர் உளியும் சுத்தியலுமாக வந்தார். நான் மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்தேன். எதிர்ச் சுவரிலிருந்து கசிவு வரை மாதிரியில் அறுபத்து நாலு மில்லி. பதினெட்டே முக்காலால் பெருக்கினால் ஆயிரத்து இருநூறு. அதாவது நாலடிக்கு முக்கால் அங்குலம் குறைவு. சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டேன். அந்தக் குறியை நடுவில் வைத்து ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு டைல்ஸ் போயின. ஒவ்வொன்றும் உடையும்போது நான் கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மனைவி, "முப்பத்தாறு தடவை நடந்தா உடம்புக்கு நல்லதுதான்" என்றாள்.

ஜல்லியைத் தோண்டியதும் குழாய் தெரிந்தது. என் குறியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி. சப்பையாக, ஒரு பக்கம் கருகிப் பழுப்பேறி, வெளி வளைவில் நீளமாக வெடித்திருந்தது. என் ஆறாவது துண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீறல் அதே பக்கம், அதே சாய்வு. பிளம்பரும் பார்த்தார்.

"அச்சு அசல் சார்" என்றார். "நீ எங்க லைனுக்கு வந்திருக்கலாம்."

இந்த இரண்டு நாளும் நாங்கள் டீச்சர் வீட்டுக் குளியலறைக்குப் போனோம். பதினெட்டு முறை போயிருக்க வேண்டிய நான் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஏழு முறை அடக்கிக்கொண்டது டீச்சருக்குத் தெரியாது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர், "வாங்க சார், மூட்டு இல்லாதவரே" என்று வரவேற்றார்.

இரண்டாம் நாள் மாலை பிளம்பர் இரண்டு எல்போ போட்டு, தண்ணீர் விட்டுப் பார்த்து, ஜல்லி நிரப்பி மூடினார். மேலே போட அந்த நீலம் கிடைக்கவில்லை. கேளம்பாக்கத்தில் ஒரு வீட்டு வேலையில் மிஞ்சியது என்று ஓரடி டைல்ஸ் நாலு கொண்டு வந்தார். காப்பிப்பொடி நிறம். மேற்பரப்பு சொரசொரவென்று மீன் செதில் போல. என் நீலத்துக்கு நடுவில் அது வெள்ளை வேட்டியில் ஒட்டுப் போட்டது போல இருந்தது. மீதி நீலம் நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஒரு முறை எண்ணினேன், பிறகு சரி பார்க்க இன்னொரு முறை.

மறுநாள் காலை சிமென்ட் காய்ந்ததும் என் மனைவி முதலில் குளிக்கப் போனாள். பிளம்பர் கடைசியாக ஒரு தரம் பார்க்க வந்து, கூடத்தில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு வெளியே நின்று, ஒழுகுகிறதா என்று டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல, நிம்மதியா குளிக்கச் சொல்லுங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

வழக்கமாகப் பத்து நிமிடத்தில் வருகிறவள் இருபது நிமிடம் கழித்து வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"என்னங்க, அந்தப் புது டைல்ஸ்ல கால் வழுக்கவே இல்ல. இத்தனை வருஷமா அந்த நீலத்துல நான் ஒரு கையால சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குளிச்சேன். இன்னிக்குத்தான் ரெண்டு கையாலயும் குளிச்சேன்."

"இதை நீ சொல்லவே இல்லையே."

"நாற்பது மாதிரி பாத்து எடுத்ததாச்சே. எப்படிச் சொல்றது?" அவள் தலையைத் துவட்டிக்கொண்டே பிளம்பரைப் பார்த்தாள். "ஏம்ப்பா, மீதியையும் இதே மாதிரி மாத்திடலாமா?"

பிளம்பர் பைக் கயிற்றை அவிழ்த்து உளியையும் சுத்தியலையும் வெளியே எடுத்தார். "அம்மா சொல்றது கரெக்டுதான் சார். பத்து நாள் வையுங்க."

அவருடைய உளியையும் சுத்தியலையும் நானே எடுத்துப் பையில் போட்டு, கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டி, அந்தப் பையை நானே தூக்கிக்கொண்டு லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தின் முப்பத்து நாலு படியையும் அவரோடு இறங்கிப் போய், அவர் வண்டியைக் கிளப்பித் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தேன்.